இயற்பியலில் வேலையைக் கணக்கிடுவது எப்படி?

20 கிலோ பச்சைத் தேயிலை மூட்டையைத் தலையில் சுமந்தபடி, எடை போடும் வரிசையில் ஒருவர் அரை மணி நேரம் நிற்கிறார். கழுத்து கடுக்கும், வியர்த்துக் கொட்டும். ஆனாலும் மூட்டையின் மீது அவர் செய்த வேலை பூஜ்யம். மூட்டை நகரவில்லை அல்லவா? தசை நார்கள் விடாமல் சுருங்கி இறுக்கம் காப்பதால் உடம்பின் ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது. களைப்பு உண்மை. மூட்டைக்குத்தான் ஆற்றல் எதுவும் போய்ச் சேரவில்லை.

வேலை = விசை × இடப்பெயர்ச்சி × இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைன்.

முதல் படி, விசை. மூட்டையின் கிலோவை ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்க வேண்டும்: 20 × 9.8 = 196 நியூட்டன் (விசையின் அலகு). கிலோவை அப்படியே போட்டுப் பெருக்கினால் விடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தொடக்கத்தில் அதிகம் நேரும் தவறு இது.

இரண்டாவது, விசையின் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். தரையிலிருந்து 1.5 மீட்டர் சீராகத் தூக்கினால் 196 × 1.5 = 294 ஜூல் (வேலையின் அலகு).

மூன்றாவது, கோணம். சமதளத்தில் சீரான வேகத்தில் நடக்கும்போது தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வு கிடையாக. கோணம் 90 டிகிரி, கொசைன் 0, வேலையும் 0. மெதுவாகக் கீழே இறக்கும்போது கோணம் 180 டிகிரி, கொசைன் −1. கை செய்யும் வேலை −294 ஜூல். குறியை விட்டுவிடாதீர்கள்.

சரிவுக்கு வருவோம். நீலகிரி மலை ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தால் ஏறுகிறது. அங்கே மிகச் செங்குத்தான இடத்தில் 12.5 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரம். உராய்வை விட்டுவிட்டால், நம் மூட்டையை அந்தச் சரிவில் ஏற்ற 196 ÷ 12.5 = 15.68 நியூட்டன் போதும். தூரமோ 12.5 மடங்கு. பெருக்கினால் அதே 196 ஜூல். நேராக 1 மீட்டர் தூக்கினாலும் இதேதான். சரிவு விசையைக் குறைக்கிறது, வேலையை அல்ல.

பயிற்சிக்கு ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குத் தண்டவாள நீளம் 46 கிலோமீட்டர், உயர வித்தியாசம் சுமார் 1,870 மீட்டர். 60 கிலோ பயணி ஒருவரை மேலே கொண்டுசேர்க்க ஈர்ப்புக்கு எதிராகச் செய்யப்படும் வேலை என்ன? 588 நியூட்டனை 46,000 மீட்டரால் பெருக்கி 2.7 கோடி ஜூல் என்று எழுதினால் தவறு. 588 × 1,870, அதாவது சுமார் 11 லட்சம் ஜூல். இறங்கும்போது இதே 11 லட்சத்தை ஈர்ப்பு விசை நேர்குறியில் தருகிறது. பிரேக் எதிர்க்குறி வேலை செய்து அதைப் பெரும்பாலும் வெப்பமாக மாற்றுகிறது.