பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: அமைப்புக் கோட்பாடு படிப்பவர்களின் தவறுகள்

அலுவலகம், நிறுவனம் போன்ற அமைப்புகள் எப்படி இயங்குகின்றன என்று ஆராயும் அமைப்புக் கோட்பாட்டைப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் வழுக்குவது ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரிடம். எழுதப்பட்ட விதிகள், பதவிப் படிநிலை, கோப்புகள், தகுதி பார்த்து நியமனம் என அதிகாரவர்க்கத்துக்கு அவர் வரைந்த சித்திரத்தைத் தமிழில் 'இலட்சிய வகை' என்கிறோம். உடனே, 'இதுவே இலட்சிய நிர்வாகம் என்றார் வெபர்' என்று விடைத்தாளில் ஏறிவிடுகிறது. உண்மையான அலுவலகங்களை ஒப்பிட்டுப் பார்க்க அவர் செய்துகொண்ட அளவுகோல் அது. திறமையில் அதிகாரவர்க்கம் மற்ற நிர்வாக முறைகளை மிஞ்சும் என்று கருதியவரும் அவரே, மனிதனைக் கூண்டில் அடைக்கும் என்று அஞ்சியவரும் அவரே. 'தூய வகை' என்று மொழிபெயர்த்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

அமைப்புகளில் முடிவுகள் எப்படிப் பிறக்கின்றன என்று விளக்க 1972இல் கோஹன், மார்ச், ஓல்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த 'குப்பைத்தொட்டி' மாதிரியும் அப்படித்தான். பலர் அதை வசவாகவே வாசிக்கிறார்கள். பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பிரச்சினைகளும் தீர்வுகளும் ஆட்களும் தனித்தனியே வந்து ஒரே தொட்டியில் விழுகின்றன. எது எதோடு ஒட்டிக்கொள்கிறதோ அதுவே முடிவாகிறது என்பதுதான் விஷயம்.

பெரிய விபத்து அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் பெரோவின் 'இயல்பான விபத்து' கோட்பாட்டில் நடக்கிறது. 'இயல்பான' என்றால் 'அடிக்கடி நடக்கும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, மூடச் சொல்லி ஆணை போனதை மட்டும் காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. அதை நம்பிய ஊழியர்கள் அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். சிறு பழுதுகள் எதிர்பாராத விதமாகப் பின்னிக்கொள்ளும் சிக்கல், நின்று யோசிக்க இடம் தராத இறுக்கமான பிணைப்பு, இவ்விரண்டும் சேர்ந்த அமைப்பில் இத்தகைய விபத்து எவ்வளவு அரிதானாலும் அதன் கூடவே பிறந்தது என்று 1984இல் எழுதினார் பெரோ.

அதற்காகப் போபால் விஷவாயு விபத்தையும் சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்தையும் இதே பெட்டியில் போடக் கூடாது. பெரோவே போட மறுத்தார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சரில் ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் கெடக்கூடும் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்திருந்தார்கள். அதில் எதிர்பாராத பின்னல் எங்கே இருக்கிறது? முந்தைய பயணங்களில் அந்த வளையத்தில் கண்ட சேதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிப்போனதே காரணம் என்றார் இந்த விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன். பெரோ அதையும் ஒப்பவில்லை. பொறியாளர்களின் எச்சரிக்கையை மீறிய மேலாளர்களின் அதிகாரத்தைப் பாருங்கள் என்றார். இருவரும் ஒரே கருத்தினர் என்று ஒரு கட்டுரை சொன்னால், எழுதியவர் இருவரையும் படிக்கவில்லை என்று அர்த்தம்.