வட சென்னையில் ஓட்டச் சின்ன பெட்ரோல் காரா? எஞ்சினை இப்படிப் பாருங்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, மைலேஜ் எவ்வளவு தரும். இரண்டுமே நம் ஏரியாவில் ஓடிய வண்டியைப் பற்றி ரொம்பக் குறைவாகத்தான் சொல்லும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது கிலோமீட்டர் மீட்டர் ஓடாது, எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 கிலோமீட்டரை மணிக்குச் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் எஞ்சின் ஓடியது 200 மணி நேரம். அதே 10,000 கிலோமீட்டரை நம் ட்ராஃபிக்கில் சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய 667 மணி நேரம். மீட்டரில் ஒரே எண்தான், ஆயில் உழைத்தது மூன்று மடங்குக்கும் மேல். அதனால் 40,000 ஓடிய லோக்கல் வண்டியை விட, 70,000 ஓடிய, வேலூர், பெங்களூரு என்று நெடுஞ்சாலையிலேயே போய்வந்த வண்டி நல்ல நிலையில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சர்வீஸ் ரெக்கார்டில் தேதியையும் கிலோமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வண்டி எப்படி வாழ்ந்தது என்பது தெரிந்துவிடும்.

சரி, இப்போது ஸ்பெசிஃபிகேஷன். அதில் குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள், அது எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) வருகிறது என்று பாருங்கள். மாருதியின் பழைய எஃப்8டி எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். அது ஆல்டோ 800-இல் தருவது 69 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை), அதுவும் 3,500 ஆர்பிஎம்மில். 2008-இல் ஏ-ஸ்டாரில் வந்து, 2010-இல் ஆல்டோ கே10-க்கு வந்த கே10பி எஞ்சின் 998 சிசி, அதுவும் மூன்று சிலிண்டர்தான். இது அதே 3,500 ஆர்பிஎம்மில் 90 நியூட்டன் மீட்டர் தரும். 68 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் போடுவார்கள், ஆனால் அது 6,200 ஆர்பிஎம்மில். மின்ட் தெருவிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் யார் 6,200 வரை ஏற்றப் போகிறார்கள்? டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கிக் கணக்குப் போட்டால் 3,500-இல் கே10 தருவது சுமார் 45 குதிரைத்திறன், ஆல்டோ 800 தருவது சுமார் 34. ஏசி போட்டு நான்கு பேர் உட்கார்ந்து பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலம் ஏறும்போது இந்த வித்தியாசம்தான் காலுக்குத் தெரியும். அதனால் தனியாகவோ இரண்டு பேராகவோ ஓட்டுகிறவர்களுக்கு 800 சிசி போதும், குடும்பம் மொத்தமும் ஏறும் என்றால் ஒரு லிட்டர் எஞ்சினுக்குப் போய்விடுங்கள். சின்ன எஞ்சினை எந்நேரமும் முக்கி முக்கி ஓட்டினால் மைலேஜும் மிஞ்சாது, கிளட்ச்சும் மிஞ்சாது.

மைலேஜ் எண்ணைப் பற்றி ஒரே வரி: 2014 கே10-க்குச் சொன்ன லிட்டருக்கு 24.07 கிலோமீட்டர் சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது, நம் தெருவில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து, கட்டாயம் கேட்க வேண்டியது: பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா? எஃப்8டி-யில் ரப்பர் பெல்ட், பழைய சான்ட்ரோ ஜிங்கின் 1086 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினிலும் பெல்ட், கே10பி-யில் செயின். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, வருடக் கணக்கும் உண்டு, ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். செயின் என்றால் மாற்ற வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் அந்தச் செயினும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன, ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் சில நொடிகள் கலகலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் நான் வாங்க மாட்டேன்.

இதனால்தான் வண்டி பார்க்கக் காலையில் போங்கள், எஞ்சின் ஆறிப்போய் இருக்க வேண்டும். முன்கூட்டியே ஃபோன் செய்து "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க அண்ணே, நான் வந்து பண்றேன்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கலாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். சாவியைத் திருப்பியதும் செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆரம்பத்தில் எரியவே இல்லை என்றால் விளக்கையே எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஒரு ஆளைப் பின்னால் நிற்கச் சொல்லிப் புகையைக் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, அது தாங்கும் செலவுதான். ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க நீலமாகவே வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, வண்டி ஆயில் குடிக்கிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே எரிகிறது, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள சீல்) வேலை காத்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். மூடியில் லேசாக வெளுப்பாக இருந்தால் கிட்ட கிட்ட மட்டும் ஓட்டிய வண்டியாகவும் இருக்கலாம், ஆனால் டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் பேசாமல் வந்துவிடுங்கள்.

மூன்று சிலிண்டர் எஞ்சின் ஐட்லிங்கில் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும், அது பழுது இல்லை. ஏசியை அணைத்ததும் நடுக்கம் குறைந்து சீராகிவிட்டால் எஞ்சின் மவுன்ட் ரப்பர் தளர்ந்திருக்கலாம். விட்டு விட்டு உதறினால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அதற்கு பிளக், காயில் இரண்டையும் பார்க்க வேண்டும். மூன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும், நான்கு சிலிண்டரில் மாதிரி சமாளித்து ஓட்ட முடியாது. அதனால் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொண்டுபோய் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது) எடுக்கச் சொல்லுங்கள். மொத்த அளவு முக்கியம்தான், அதைவிட மூன்று சிலிண்டரும் ஒரே அளவில் இருப்பது முக்கியம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்பவர் டெஸ்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதுவே பதில்.

இந்தச் சின்ன எஞ்சின்களைச் சீக்கிரம் முடித்துவிடுவது சூடுதான். சிலிண்டர் ஹெட் அலுமினியம், ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடேறினாலே வளைந்துவிடலாம். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உங்களுக்கே தெரியும், அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே காரை படியும், அலுமினியத்தையும் அரிக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள்: பச்சையோ சிவப்போ நீலமோ தெளிவாக இருந்தால் கூலன்ட், துரு கலங்கிய தண்ணீர் என்றால் யாரோ குழாய் தண்ணீர் ஊற்றியே காலம் தள்ளியிருக்கிறார்கள். இன்னொரு பழக்கமும் இங்கே உண்டு, வண்டி சூடாகிறது என்று சொன்னால் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) கழற்றிப் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். ஃபேன் சோதனை சுலபம்: ஏசியை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள், ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் நின்று, மறுபடி சுற்ற வேண்டும். சில மாடல்களில் சூடு காட்டும் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு எரியும்போதுதான் தெரியும், எரிந்த நொடியே ஓரம் கட்டி நிறுத்துங்கள்.

வாங்கிய பிறகு ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மேனுவலில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று இருந்தாலும், தொடர்ந்து நெரிசலிலும் தூசியிலும் ஓடும் வண்டிக்கு அதைவிடச் சீக்கிரம் மாற்றச் சொல்லித் தனி அட்டவணையே போட்டிருப்பார்கள், நம் வண்டி அந்த வகைதான். 5,000-க்கு ஒரு தடவை மாற்றுங்கள், கே10-க்கு 5டபிள்யூ-30 என்ற கிரேடு ஆயில். மூன்று லிட்டருக்குள்தான் பிடிக்கும், பெரிய செலவு இல்லை. எண்ணூர், மணலி பக்கம் தினமும் போகிறவர்கள் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், கறுப்புத் தூள் படிந்திருந்தால் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். காசிமேட்டுக் கடல் காற்றில் நிற்கும் வண்டியில் பேட்டரி எர்த் வயரும் கனெக்டர்களும் பச்சை பூத்துப் போகும், பாதி மிஸ்ஸிங் தொல்லை அங்கிருந்துதான் வருகிறது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த மாடல் என்றால் பெட்ரோல் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள், இப்போது பங்கில் வரும் ஈ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

கடைசியாக வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும், கார்பெட்டைத் தூக்கினால் துரு தெரியும். உங்கள் வண்டியே கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் தண்ணீரில் அணைந்துவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீரை அழுத்த முடியாது, சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதுவரை ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை முழு எஞ்சின் வேலையாகிவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தள்ளியோ கட்டி இழுத்தோ மேட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று பிளக்கையும் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.