வெந்நீர் வரவில்லையா? பம்பைக் கழற்றுவதற்கு முன்னால்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஒரு தெருவில் முகப்பு இருக்கும், அடுத்த தெருவில் பின்வாசல் இருக்கும். பின்கட்டு மாடியில் சோலார் ஹீட்டரை வைத்து முகப்பு அறைக்கு வெந்நீர் கொண்டுபோனால், பைப் நீளம் 40 மீட்டரைச் சாதாரணமாகத் தொடும். முக்கால் அங்குல சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆக, 10 லிட்டர் ஆறின தண்ணீர் கொட்டித் தீர்ந்த பிறகுதான் சூடு வரும். கடைசிக் குழாயிலிருந்து டேங்குக்கே திரும்பும்படி தனியாக ஒரு ரிட்டர்ன் லைன் இழுத்து, சின்ன பம்ப் வைத்துத் தண்ணீரைச் சுற்ற விடுவது இதற்காகத்தான்.

குழாயில் பச்சைத்தண்ணீர் வந்தால் உடனே "பம்ப் போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. பம்பை ஓட விட்டு, அதன் மேல் கை வைத்துப் பாருங்கள். அதிர்வும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் முதலில் பிளக், ஃபியூஸ், டைமரைப் பார்க்க வேண்டும். உறுமுகிறது ஆனால் ஓடவில்லை என்றால் உள்ளே ரோட்டர் (சுற்றும் பாகம்) இறுகியிருக்கிறது. ஓடுகிறது, ஆனாலும் ரிட்டர்ன் பைப் குளிர்ந்தே கிடக்கிறது என்றால் ஏதோ ஒரு வால்வு மூடியிருக்கிறது, அல்லது பைப்பில் காற்று நிற்கிறது.

ரோட்டர் இறுகுவது இந்த ஊர் வீடுகளுக்கே உரிய வியாதி. படைப்புக்கும் (முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு) கல்யாணத்துக்கும் திறக்கும் வீடு மற்ற மாதங்களில் பூட்டியே கிடக்கும். நின்ற தண்ணீரின் உப்பு ரோட்டரைச் சுற்றிப் படிந்து பிடித்துக்கொள்ளும். கரண்டை அணைத்து, பம்ப் ஆறிய பிறகு, இரு பக்க வால்வுகளையும் மூடுங்கள். பம்பின் முகத்தில் நடுவே பெரிய திருகு ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் கொஞ்சம் தண்ணீர் ஒழுகும். உள்ளே தெரியும் தண்டின் நுனியில் ஒரு வெட்டு இருக்கும்; தட்டை ஸ்க்ரூடிரைவரை அதில் கொடுத்து, முரட்டுத்தனம் காட்டாமல் முன்னும் பின்னும் அசைத்தால் இளகிவிடும். திருகை மூடி, வால்வுகளைத் திறந்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். சில புது மாடல்களில் இந்தத் திருகே இருக்காது, குத்திக் கிளறாதீர்கள். தண்டு லேசாகச் சுற்றியும் பம்ப் உறுமிக்கொண்டே இருந்தால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். பழையதில் அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது காற்று. கட்டுக்குக் கட்டு நிலைவாசல் வரும். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டைப் பூச்சு. இரண்டையும் உடைக்க யாருக்கும் மனம் வராது. அதனால் பைப் நிலைக்கு மேலே ஏறி, மறுபக்கம் இறங்கும். அந்த வளைவின் உச்சியில் காற்று தங்கிவிடும். இந்தச் சின்ன பம்புக்கு அதைத் தள்ளும் வலு கிடையாது. ஒவ்வொரு உச்சியிலும் காற்றை வெளியே விடும் ஏர் வென்ட் வைக்காமல் விடுவது பிளம்பர் செய்யும் தவறு. காற்றை வெளியேற்றாமல் வேகத்தை மூன்றாம் நம்பருக்குத் திருப்புவது வீட்டுக்காரர் செய்யும் தவறு. பம்பின் தண்டு எப்போதும் படுக்கை வாட்டத்தில் இருக்க வேண்டும். மோட்டார் மேல்நோக்கி நின்றால் காற்று பேரிங்கில் சேர்ந்து, அது உலர்ந்து தேயும்.

ரிட்டர்ன் லைனில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாமல் விடுவது எல்லாவற்றையும்விடக் குழப்பம் தரும். குழாயைத் திறந்ததும் வெந்நீர் வரும், கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாகும், பிறகு குளிர்ந்துவிடும். டேங்கின் அடியிலுள்ள பச்சைத்தண்ணீர் ரிட்டர்ன் வழியாகத் தலைகீழாக ஓடி வருவதால் இப்படி. வால்வு இருந்தும் இதே கதை என்றால், அதிலுள்ள அம்புக்குறி டேங்கைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் கழற்றிப் படிந்த உப்பைச் சுரண்டுங்கள். இன்னொரு திருடன், வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாய். டேங்கிலிருந்து வரும் வெந்நீர் வால்வு, ரிட்டர்ன் வால்வு இரண்டையும் மூடிவிட்டு ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். பைப்பில் இருந்தது வடிந்த பிறகும் தண்ணீர் நிற்காமல் வந்தால், எங்கோ ஒரு மிக்ஸரில் பச்சைத்தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் ஏறுகிறது. பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

பம்பை இரவு முழுக்க ஓட விடுவது சோலாரின் சூட்டைச் சுவருக்கு ஊட்டுவதுதான். போக 40, வர 40 என்று 80 மீட்டர். சூடு காக்கும் உறை போடாத பைப்பில் மீட்டருக்கு 12 வாட் போகிறது என்று வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட். 200 லிட்டர் டேங்கில் 60 டிகிரியில் இருந்த தண்ணீர் ஐந்து மணி நேரத்தில் 40-க்கு வந்துவிடும். போகும் லைன், வரும் லைன் இரண்டுக்கும் உறை போட்டு, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று டைமர் வைத்தால் போதும். மெக்கானிக்கல் டைமராக இருந்தால் கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேர மின்தடைக்குப் பிறகு, ஐந்து மணிக்கு ஓட வேண்டிய பம்ப் ஏழு மணிக்குத்தான் ஓடும். பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமரில் இந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் கிடக்கும் அரை ஹெச்.பி. மோனோபிளாக்கை (தண்ணீர் ஏற்றும் மோட்டாரை) இந்த வேலைக்கு மாட்ட வேண்டாம். 25 முதல் 45 வாட்டில் முடிய வேண்டியதற்கு 370 வாட்டுக்கு மேல் இழுக்கும், சாதாரண சீலும் வெந்நீருக்குத் தாங்காது. வாங்கும்போது உடல் பித்தளை, வெண்கலம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். வார்ப்பிரும்பானால் குளிக்கும் தண்ணீரில் துரு வரும்.

வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது டைமரை நம்பி விட்டுப்போகாமல் பம்பின் மெயின் சுவிட்சையே அணையுங்கள். மேல் டேங்க் வற்றிய நாளில் தானாக ஓடினால், தண்ணீரே மசகாக உள்ள பேரிங் அன்றோடு முடிந்தது. வீடு பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை, டேங்கில் தண்ணீர் இருப்பதைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள், ரோட்டர் இறுகாது. திரும்பி வந்து திறக்கும்போது, மாதக்கணக்கில் நின்ற தண்ணீரில் உடனே ஷவரைத் திறக்க வேண்டாம். அதில் நிமோனியா கொண்டுவரும் லெஜியோனெல்லா கிருமி வளர்ந்திருக்கலாம், சாரலோடு மூச்சில் போகும். பழைய தண்ணீரை வடித்து, டேங்கை 60 டிகிரிக்குச் சூடேற்றி, ஒவ்வொரு குழாயையும் சாரல் தெறிக்காமல் சில நிமிடம் ஓட விடுங்கள். அந்தச் சூடு ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.