மல்ஹியூர் ஆக்கிரமிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளும் முறை

2016 ஜனவரி 2 அன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள மல்ஹியூர் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் அலுவலகத்தை ஆயுதம் ஏந்திய குழுவொன்று கைப்பற்றி 41 நாட்கள் வைத்திருந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள விரும்புவோர், முதலில் நில உடைமையைப் பார்க்க வேண்டும். ஓரிகனின் பாதிக்கு மேற்பட்ட நிலம் கூட்டாட்சி அரசுக்கு உரியது. அவற்றுள் மேய்ச்சலுக்கான பொது நிலங்களில் மாடு மேய்ப்போர், 1934ஆம் ஆண்டின் டெய்லர் சட்டத்தின் வழியே வந்த முறைப்படி, அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும். இதை அறியாமல், கைப்பற்றிய குழுவின் தலைவரான அம்மன் பண்டியின் (Ammon Bundy) பேச்சுகளைக் கேட்பதில் பயனில்லை.

அடுத்து, புகலிடத்துக்கு அருகிலுள்ள பர்ன்ஸ் நகரில் அமைதியாக நடந்த ஊர்வலத்தையும் அதன்பின் நடந்த கைப்பற்றலையும் பிரித்துப் பாருங்கள். கூட்டாட்சி நிலத்தில் தீ வைத்த வழக்கில் மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்ட அப்பகுதிப் பண்ணையாளர்களான ஹேமண்ட் குடும்பத்துத் தந்தை, மகனுக்காகவே ஊர்வலம் நடந்தது; அவர்களோ தாமாகவே சிறைக்குச் சென்றனர்.

நிலத்தை ‘மக்களிடம் திருப்பித் தர வேண்டும்’ என்ற, கைப்பற்றியவர்களின் கோரிக்கையைப் படிக்கும்போது, எந்த மக்களிடம் என்று கேளுங்கள்; பண்ணையாளர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அது பையூட் பழங்குடியினரின் நிலம். செய்திகள் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கடைசியாகத் தீர்ப்பு. 2016 அக்டோபரில் நடுவர் குழு பண்டி உட்பட எழுவரைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது; நிலம் யாருடையது என்ற கேள்வி அந்தக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை.