நீங்கள் ஊரில் இல்லாதபோது பூனைக்குத் தைராய்டு மாத்திரை: பார்த்துக்கொள்பவரைப் பழக்குவது எப்படி?

தைராய்டு அதிகமாகச் சுரக்கும் பூனைகளுக்குப் பெரும்பாலும் மெதிமசோல் அல்லது கார்பிமசோல் கொடுப்பார்கள். இவை நோயைக் குணமாக்குவதில்லை, சுரப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கும், அவ்வளவுதான். நிறுத்தினால் சில நாட்களிலேயே ஹார்மோன் பழையபடி ஏறிவிடும். அதனால் நாலு நாள்தானே, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. மருந்து ஆரம்பித்து ஓரிரு வாரம்தான் ஆகிறது என்றால், முடிந்தவரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முதல் ரத்தப் பரிசோதனை முடிந்து டோஸ் சரியாக அமைய கொஞ்ச நாள் பிடிக்கும், பக்க விளைவுகளும் முதல் சில மாதங்களில்தான் அதிகம் வரும்.

1. ஒரு வாரம் முன்பே வரச்சொல்லுங்கள்

சாவியும் மருந்தும் கொடுத்துவிட்டுக் கிளம்புவது போதாது. பூனையைப் பார்த்துக்கொள்பவர் தன் கையால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே, நாலைந்து தடவையாவது மாத்திரை கொடுத்துப் பார்க்கவேண்டும். கர்ப்பமாக இருப்பவரிடம் இந்த வேலையைத் தராதீர்கள், இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது. மற்றவர்களும் கையுறை போட்டுக்கொண்டு, முடிந்ததும் கை கழுவுவது நல்லது.

2. கொடுப்பது வேறு, விழுங்குவது வேறு

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் பூனை மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஒருநாள் பெருக்கும்போது சோபா காலுக்குப் பின்னால் மூன்று மாத்திரை கிடந்தது, ஓரம் மட்டும் கரைந்து, ரோமம் ஒட்டிக்கொண்டு. எடை ஏன் குறைகிறது என்று அன்றுதான் புரிந்தது.

பசியோடு இருக்கும்போது, முழுச் சாப்பாடு வைப்பதற்கு முன்னால், பிடித்த ஈர உணவைச் சின்ன உருண்டையாக்கிக் கொடுங்கள். முதல் உருண்டை வெறும் உணவு, இரண்டாவதில் மாத்திரை, அது வாயில் இருக்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேரே நீட்டுங்கள். அடுத்தது கிடைக்கும் ஆசையில் இரண்டாவதைச் சட்டென்று விழுங்கிவிடும். இதற்கு மசியாத பூனை என்றால், தலையை மேலிருந்து கன்ன எலும்போடு சேர்த்துப் பிடித்து லேசாக அண்ணாத்தி, இன்னொரு கை விரலால் கீழ்த்தாடையைத் திறந்து, நாக்கின் பின்பகுதியில் மாத்திரையைப் போடவேண்டும். போட்டதும் கொஞ்சம் உணவோ, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரமாக மெதுவாக 5 மி.லி. தண்ணீரோ தாருங்கள். காய்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். டாக்டரைக் கேட்காமல் பொடிக்கவோ உடைக்கவோ வேண்டாம்.

மாத்திரையே ஆகாது என்றால், சில இடங்களில் காது மடலின் உட்புறம் தடவும் ஜெல்லாகவும் இந்த மருந்து கிடைக்கிறது. வேளைக்கு ஒரு காதாக மாற்றி மாற்றித் தடவவேண்டும், இதற்குக் கையுறை கட்டாயம்.

3. ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள்

மருந்தின் பெயர், அளவு, நேரம் (இரண்டு வேளை என்றால் ஏறக்குறைய 12 மணி நேர இடைவெளி), டாக்டரின் எண், உங்கள் எண், எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்பதைப் பெரிதாக எழுதுங்கள். மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்தால் தானாக இன்னொன்று தராமல் டாக்டரைக் கேட்கட்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, முகத்தைப் புண்ணாகும்வரை சொறிந்தாலோ, ஈறு மஞ்சளாகத் தெரிந்தாலோ, அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் பேசவேண்டும். நீங்கள் போனை எடுக்கவில்லை என்றால் பூனையைப் பார்த்துக்கொள்பவர் பேச்சைக் கேட்டுச் சிகிச்சை செய்யலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

4. எண்ணி வையுங்கள்

திரும்புவது தாமதமானாலும் போதும்படி மூன்று நாலு நாளைக்குக் கூடுதலாக மாத்திரை இருக்கட்டும். எத்தனை வைத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த உடனே அந்தத் தாளிலேயே ஒரு டிக் அடித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் மீதியை எண்ணிப் பாருங்கள், பூனையை எடை பாருங்கள், சோபாவுக்குப் பின்னாலும் ஒரு பார்வை பாருங்கள். எத்தனை வேளை தவறியது என்று தெரிந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து போதவில்லை என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடுவார்.