பழைய ரிவால்வரும் பிசினான எண்ணெயும்
காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறவன் நான். லைசென்ஸ் கிடைத்ததும் டீலர் ஒருவரிடம் பழைய .32 கான்பூர் ரிவால்வர் (கான்பூர் அரசு ஆலையில் செய்தது) வாங்கினேன், ஆறு குண்டு, வெப்ளி என்கிற பழைய இங்கிலீஷ் ரிவால்வர் மாதிரி மடிந்து திறக்கிற வகை. மேலே வழுவழு என்றிருந்ததில் ஏமாந்தேன், அங்கேயே காலியாக வைத்து டிரிக்கரை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் இழுத்தால் குண்டு போடுகிற சிலிண்டர் முழுக்கச் சுற்றாமல் பாதியில் சிக்குகிறது. நானே கழற்றலாமா என்று கை துறுதுறுத்தது, நல்லவேளை விட்டுவிட்டேன். லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, "பழைய எண்ணெய் பிசினாட்டம் இறுகிக் கெடக்குதுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். கழுவித் துளி எண்ணெய் விட்டதும் சரியாகிவிட்டது. தோலுறையிலேயே போட்டு வைத்தால் ஈரத்தில் துரு ஏறும் என்று திட்டு வேறு. இப்போதெல்லாம் தேர்தல் சமயத்தில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வந்ததும் முதல் வேலை துடைப்பதுதான்.