முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்: பழைய அமெரிக்க வாஷிங் மெஷின் சேகரிப்பில் நடக்கும் தவறுகள்

பழைய கார் சேகரிப்பவரை ஊரே மெச்சும். பழைய வாஷிங் மெஷின் சேகரிப்பவரைச் சொந்த வீடே மெச்சாது. ஆனாலும் அமெரிக்காவில் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. கார் நிற்க வேண்டிய இடத்தில் 1950களின் மெஷின்களை வரிசையாக நிறுத்தி, அவற்றிலேயே துணியும் துவைக்கிறார்கள். புதிதாக இந்தப் பித்து பிடித்தவர்கள் முதலில் சறுக்குவது அடையாளம் காண்பதில்தான்.

முன்பலகையில் கென்மோர் என்று இருந்தால் சியர்ஸ் தயாரித்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சியர்ஸ் விற்ற கடை. செய்த ஆலை வேறு. தேட வேண்டியது மாடல் எண் உள்ள சின்னத் தகட்டை. எண் 110 என்று தொடங்கினால் அது வேர்ல்பூல் செய்தது. வேர்ல்பூல் 1947-ல் தன் ஆட்டோமேட்டிக் மெஷினை முதலில் சியர்ஸுக்குத்தான் செய்து கொடுத்தது. சொந்தப் பெயரில் விற்றது அடுத்த வருஷம். மோட்டார் பெல்ட் மூலம் மெஷினை ஓட்டும் அந்த அமைப்பு 1980கள் வரை அடிப்படையில் மாறவே இல்லை. பலகையும் குமிழும் நிறமும் மட்டும் புதுச் சட்டை மாற்றிக்கொண்டே இருந்தன. ஆகவே வயிற்றைப் பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியும், வயது தெரியாது. வயதுக்குத் தகட்டையும் பலகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஃபிரிஜிடேர் கதை இதற்கு நேர் எதிர். இங்கே பெயர் ஒன்று, மெஷின் இரண்டு. 1979 வரை அது ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்தது. 1947-ல் வந்த அவர்களுடைய மெஷினில் துணியைக் கலக்கும் நடுத்தண்டு பக்கவாட்டில் திரும்பாது, உரலில் உலக்கை போல மேலும் கீழும் குத்தும். கம்பெனி கைமாறிய பிறகு அதே பெயர் முற்றிலும் வேறு மெஷின்களில் ஒட்டப்பட்டது. பெயருக்காகப் பணம் கொடுப்பவர், மூடியைத் திறந்து நடுத்தண்டைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

தகட்டில் உள்ள காப்புரிமைத் தேதியைத் தயாரித்த தேதியாக எடுத்துக்கொள்வதும் வழக்கமான பிழை. கடைசியாக உள்ள தேதிக்கு முன்னால் அந்தத் தகடு அச்சாகியிருக்க முடியாது, அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்தும் அதே தகட்டை அடித்திருக்கலாம். அதேபோல், துணி பிழியும் உருளை இருந்தாலே இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று விலை சொல்பவர்களை நம்பாதீர்கள். அயோவாவின் நியூட்டன் ஊரில் மேடேக் நிறுவனம் உருளை மெஷின்களை 1983 வரை செய்துகொண்டிருந்தது. நிறத்தை வைத்து வருஷம் சொல்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெயின்ட் டப்பா எந்தக் கடையிலும் கிடைக்கும்.

குறை என்று நினைத்து நல்லதைக் கெடுப்பது இன்னொரு வகை. அந்தப் பழைய ஃபிரிஜிடேர் தொட்டியில் ஓட்டை இருக்காது. சுழலும் வேகத்தில் தண்ணீர் ஏறி விளிம்பு வழியே வெளியேறும். ‘யாரோ தொட்டியை மாற்றிவிட்டார்கள்’ என்று பேரம் பேசினால் விற்பவர் சிரிப்பார். சில மெஷின்களில் கூடுதலாக ஒரு குழாய் தொங்கும். சோப்புத் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டியில் சேர்த்துவைத்து அடுத்த துவைப்புக்குத் திரும்ப இழுக்கும் வசதி அது. உபரி என்று வெட்டிவிடாதீர்கள். 1937-ல் வெளிவந்த பெண்டிக்ஸ் ஆட்டோமேட்டிக் மெஷினை வாங்குபவர்கள் அடியில் உள்ள போல்ட் துளைகளைக் கண்டுகொள்வதில்லை. அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு அதில் கிடையாது, சிமென்ட் தரையில் முடுக்கியே ஆக வேண்டும். முடுக்காமல் ஓட்டினால் அறைக்குள் நடைபயணம் கிளம்பிவிடும்.

என் கணக்கில் பெரிய பாவம் வேறு. மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்காக மேடேக், தொட்டிக்கடியில் பெட்ரோல் எஞ்சின் வைத்து விற்றது. மிதியை உதைத்துக் கிளப்ப வேண்டும். புகை வளையும் உலோகக் குழாய் வழியே ஜன்னலுக்கு வெளியே போகும். மாடல் 92 எஞ்சினுக்கு ஒரு சிலிண்டர், 72-க்கு இரண்டு. எஞ்சின் சேகரிப்பவர்கள் தனி ஜாதி. எஞ்சினைக் கழற்றிக்கொண்டு தொட்டியைக் காயலான் கடையில் தள்ளிவிடுகிறார்கள். எஞ்சினோடு முழுதாக ஒன்று கிடைத்தால் பிரிக்காமல் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகத்தான் கை துடிக்கும். பொறுங்கள். கம்பி மேலுள்ள ரப்பர் தொட்டால் உதிர்கிறதா, மோட்டார் கையால் சுற்றினால் சுற்றுகிறதா, கியர் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா, எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகு போதும். 1979-க்கு முந்தைய கெபாசிட்டர்களில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். ஒழுகினால் வெறுங்கையால் தொடாதீர்கள். துணி உலர்த்தும் டிரையரில் இன்னொரு கண்ணி உண்டு. அமெரிக்காவின் பழைய மூன்று கம்பி டிரையர்களில் நியூட்ரலும் வெளிக்கூடும் உள்ளே இணைக்கப்பட்டிருக்கும். நான்கு கம்பி வயருக்கு மாற்றும்போது அந்த இணைப்பை எடுக்க மறந்தால், நியூட்ரல் வழியே திரும்ப வேண்டிய மின்சாரம் கூட்டிலும் எர்த்திலும் பாயும். எலக்ட்ரீஷியன் கூலியை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

வண்டியில் ஏற்றும்போது படுக்க வைக்காதீர்கள், கியர் எண்ணெய் ஒழுகி பெல்ட்டில் ஏறும்.

அமெரிக்காவில் ஆசையாக வாங்கி ஊருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒன்று. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் 230 வோல்ட் 115 ஆகும், ஆனால் 50 ஹெர்ட்ஸ் 60 ஆகாது. நிமிடத்துக்கு 1725 சுற்று சுற்றிய மோட்டார் ஏறக்குறைய 1440-க்கு இறங்கும், கூடுதலாகச் சூடாகும். டைமர் பத்து நிமிட வேலையைப் பன்னிரண்டு நிமிடம் இழுக்கும். கப்பியின் அளவை மாற்றினால் தொட்டியின் வேகம் சரியாகும். சூடும் டைமரும் அப்படியேதான் இருக்கும். கப்பல் கூலி பேசுவதற்கு முன் 60 ஹெர்ட்ஸ் தரும் மாற்றிக் கருவியின் விலையை விசாரித்துவிடுங்கள்.